யோ, ஃஜோ, ஷோ: ஒரு ஊரின் உச்சரிப்புக் கதை

2022 டிசம்பர் 9. கத்தார் உலகக் கோப்பை கால் இறுதி. நெதர்லாந்தை பெனால்டி ஷூட் அவுட்ல ஜெயிச்ச கையோட மெஸ்ஸி டிவிக்குப் பேட்டி குடுத்துக்கிட்டு இருக்கார். கொஞ்சம் தள்ளி எதிரணி ஆட்டக்காரர் வெகோர்ஸ்ட் நிக்கறார். பேட்டியை நிறுத்திட்டு மெஸ்ஸி அவரைப் பார்த்து ஒரு கடி: "கே மிராஸ், போபோ? அந்தா பாஷா!" 'என்னத்தடா பாக்கற, மண்டு? அந்தப் பக்கம் போ!' அவ்வளவுதான். அப்புறம் அர்ஜென்டினாவுல டி-சர்ட், காபி கப்னு எங்க பார்த்தாலும் அதே வசனம்.

நம்மாளுங்க காதுல அந்த 'பாஷா' வேற மாதிரி விழுந்திருக்கும் :-) ஆனா அது நம்ம மாணிக் பாட்ஷா இல்லை. 'பாரா அயா', அதாவது 'அந்தப் பக்கமா'. ஸ்பெயின்காரர் யாராவது சொல்லியிருந்தா அதுல 'ஷ'வே வந்திருக்காது. பதிமூணு வயசுல ரொஸாரியோவை விட்டு பார்சிலோனா போனவர், இருபது வருஷத்துக்கு மேல ஐரோப்பாவுல இருந்தவர், கோபம் வந்ததும் வாயில வந்தது ஊர்ச் சத்தம்தான்.

அந்த ஒரு 'ஷ'வோட கதைதான் இந்தப் பதிவு. அது எந்த வீட்ல, எந்த வயசுக்காரங்க வாயில பொறந்துச்சு, யார் யார் அதுக்குத் திட்டு வாங்கினாங்க, யார் வாங்காம தப்பிச்சாங்க, இதுதான் விஷயம். கொஞ்சம் நீளம். காபியோட உக்காருங்க.

ஒரு எழுத்து, மூணு சத்தம்

ஸ்பானிஷ்ல 'இரட்டை எல்'னு ஒரு எழுத்து உண்டு. 'ஒய்'னு இன்னொண்ணு. பழைய காலத்துல ரெண்டுக்கும் வேற வேற உச்சரிப்பு. முதலாவது 'ல'வையும் 'ய'வையும் ஒட்ட வச்ச மாதிரி ஒரு குழைவான சத்தம், இரண்டாவது ஏறக்குறைய நம்ம 'ய'. காலப்போக்குல ஸ்பானிஷ் பேசற பெரும்பாலான ஊர்கள்ல ரெண்டும் கலந்து 'ய' ஆயிடுச்சு. நம்ம ஊர்ல சிலர் வாயில 'வாழைப்பழம்' 'வாயப்பயம்' ஆகுதே, அதே மாதிரி ஒரு கரைசல்.

அர்ஜென்டினாவோட தலைநகர் புவெனஸ் ஐரிஸ்லயும், ஆத்துக்கு அந்தப் பக்கம் உருகுவேயோட மொண்டெவிடியோவுலயும் கதை அதோட நிக்கலை. கலந்த 'ய'வுக்கு உரசல் ஏறிச்சு. ஆங்கிலத்துல 'விஷன்', 'மெஷர்' சொல்லும்போது நடுவுல வருதே, பிரெஞ்சுக்காரங்க 'போன்ஜூர்'ல சொல்றாங்களே, அந்தச் சத்தம். தமிழ்ல இதுக்கு எழுத்து இல்லை. (நாம 'ழ'வுக்கு ஆங்கிலத்துல போடற அதே ரெண்டு எழுத்தைத்தான் மொழியியல்காரங்களும் பல சமயம் இதுக்குப் போடறாங்க. குழப்பிக்காதீங்க, இது 'ழ' இல்லை.) வசதிக்காக இதை 'ஃஜ'னு எழுதறேன்.

அடுத்து இந்த 'ஃஜ' மெல்ல மெல்ல 'ஷ' ஆச்சு. ரெண்டுக்கும் நாக்கு ஒரே இடத்துலதான் இருக்கு. தொண்டையில விரலை வச்சு 'ஃஜ்ஜ்ஜ்'னு இழுத்துப் பாருங்க, அதிரும். 'ஷ்ஷ்ஷ்'னு சொல்லுங்க, அதிராது. வித்தியாசம் அவ்வளவேதான்.

ஆக 'நான்'ங்கற சொல் மாட்ரிட்ல 'யோ', பழைய புவெனஸ் ஐரிஸ்ல 'ஃஜோ', இன்னிக்குப் புவெனஸ் ஐரிஸ்ல 'ஷோ'. தெரு 'காயே', 'காஃஜே', 'காஷே'. 'என் பேர்' சொல்லணும்னா 'மே யாமோ', 'மே ஃஜாமோ', 'மே ஷாமோ'. எங்க ப்ராஜெக்ட் கால்ல அந்த ஊர்லேர்ந்து ரெண்டு பேர் வருவாங்க. ரிட்டயர்மென்ட்டை நெருங்கின பெரியவர் 'ஃஜோ'ங்கறார், என் வயசுப் பொண்ணு 'ஷோ'ங்கறா. ஒரே ஊர், ஒரே ஆபீஸ். இது ஏன்னு தேடப் போனதுல கிடைச்சதுதான் மிச்சமெல்லாம்.

கப்பல்ல வந்து இறங்கின ஊர்

அர்ஜென்டினாவோட 1853 அரசியல் சட்டத்துல 25-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. ஐரோப்பியக் குடியேற்றத்தை அரசு ஊக்குவிக்கணும்னு அப்பட்டமா எழுதி வச்சிருக்காங்க. ஆள வந்த மேட்டுக்குடி மனசுல இருந்தது நாகரிகமான வட ஐரோப்பியர்கள். வந்து இறங்கினது பெரும்பாலும் இத்தாலியிலேர்ந்தும், ஸ்பெயினோட வடமேற்கு மூலையான கலீசியாவுலேர்ந்தும் பிழைப்பு தேடி வந்த ஏழைங்க.

எண்ணிக்கையைப் பாருங்க. 1869 கணக்கெடுப்புல புவெனஸ் ஐரிஸ் நகரத்துல ரெண்டு லட்சம் பேர்கூட இல்லை. 1914 கணக்கெடுப்புல பதினஞ்சு லட்சத்துக்கு மேல. அதுல கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டுல பொறந்தவங்க. நாடு முழுக்க எடுத்தாலே பத்துல மூணு பேர். தெருவுல நடந்தா எதிர்ல வர்ற ரெண்டாவது ஆள் வேற ஊர்க்காரர்னு அர்த்தம்.

இவங்க பேசின அரைகுறை ஸ்பானிஷுக்கு 'கொகொலிச்சே'ன்னு பேர். பொதெஸ்தா குடும்பத்தோட சர்க்கஸ் நாடகத்துல 1890 வாக்குல ஒரு நடிகர் இத்தாலியக் கூலியாள் மாதிரி பேசிக் கிண்டலடிக்க, அந்தப் பாத்திரத்தோட பேரே பேச்சுக்கும் பேராகிடுச்சு. ஆனா சத்தமில்லாம இன்னொண்ணும் நடந்துச்சு. அந்த ஊர் ஸ்பானிஷோட ஏற்ற இறக்கம், நம்ம பாஷையில ராகம், இத்தாலியப் பேச்சை ஒட்டி மாறிப் போச்சு. கொலந்துவோனி, குர்லெகியான்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2004ல இதை ஒலிப்பதிவுகளை அளந்து காட்டியிருக்காங்க. கிண்டலடிச்சவங்களோட பேரப் பசங்க, கிண்டலுக்கு ஆளானவங்க ராகத்துலதான் இன்னிக்குப் பேசறாங்க.

சேரிப் பக்கம், துறைமுகப் பக்கம் இருந்தவங்க பேச்சுல புழங்கின சொற்களுக்கு 'லுன்ஃபார்தோ'ன்னு பேர். அதைத் தொகுத்து ஆரம்பத்துல புத்தகம் போட்டவங்கள்ல ஒருத்தர் வக்கீல் தெல்லெபியானே, வருஷம் 1894. புத்தகத்துக்கு என்ன தலைப்பு தெரியுமா? 'குற்றத்தின் மொழி'. ஏழை பேசினா அது வட்டாரப் பேச்சுகூட இல்லை, போலீஸ் கேஸ்.

அப்ப அந்த 'ஃஜ'? அது கப்பல்ல வந்தது இல்லை. அலைஅலையாய் இத்தாலியர்கள் வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்துப் பேச்சு தனி வழியில போக ஆரம்பிச்சிருச்சு. 1875ல ஒரு பிரெஞ்சுக்காரர், புவெனஸ் ஐரிஸ், மொண்டெவிடியோ நாட்டுப்புறத்து ஸ்பானிஷோட ஒலி விநோதங்கள்னு ஒரு கட்டுரை எழுதினார். ஆள் யாருன்னு பார்த்தா எகிப்து தொல்லியல்ல பெரும்புள்ளியான காஸ்தோன் மாஸ்பெரோ! பிரமிட் ஆளுக்கு இங்க என்ன வேலைன்னு எனக்கும் தோணிச்சு. எகிப்துக்குப் போறதுக்கு முன்னாடி அவர் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் இருந்திருக்கார்.

உங்க பாஷை உங்களோடதா?

சுதந்திரம் வாங்கிட்டோம், மொழியை மட்டும் ஏன் ஸ்பெயின்கிட்ட கேட்டுப் பேசணும்? இந்தக் கேள்வி அங்க நூறு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. ஸ்பெயினோட அரச மொழிக் கழகம் ஹுவான் மரியா கூத்தியெரெஸ்ங்கற எழுத்தாளருக்கு உறுப்பினர் பட்டயம் அனுப்புது. மனுஷன் 1875ல அதை வேணாம்னு திருப்பி அனுப்பிட்டார். 1900ல அபெய்ங்கற பிரெஞ்சுக்காரர் 'அர்ஜென்டினர்களின் தேசிய மொழி'ன்னு ஒரு புத்தகமே போட்டு, புதுசா ஒரு மொழி பொறக்குதுன்னு அடிச்சு விட்டார். 1927ல போர்ஹெஸ் இதே விஷயத்தைப் பத்திப் பேருரை ஆற்றினார்.

எதிர்க்கட்சியும் பலம்தான். 1941ல ஸ்பெயின் அறிஞர் அமெரிகோ காஸ்த்ரோ, இந்த ஊர்ப் பேச்சோட தனித்தன்மையைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். சுருக்கமா அவர் வாதம்: இந்த ஊர்ல மேல்தட்டு வழிகாட்ட வேண்டியவங்க வழிகாட்டலை, கீழ்த்தட்டுப் பேச்சு மேல ஏறி உக்காந்துடுச்சு, அதனாலதான் மொழி சீர்கெட்டுப் போச்சு. போர்ஹெஸ் அதே வருஷம் பதிலுக்கு வெளுத்து வாங்கினார். கேலி நாடகத்துலயும் நகைச்சுவைப் பத்தியிலயும் வேணும்னே மிகைப்படுத்தி எழுதினதை எடுத்து வச்சுக்கிட்டு, ஊரே இப்படித்தான் பேசுதுன்னு நீங்க சொல்றீங்களேங்கறது அவரோட முக்கியமான அடி.

போர்ஹெஸ் ஜெயிச்சாரா? புத்தக அலமாரியில ஜெயிச்சார். பள்ளிக்கூடத்துல காஸ்த்ரோ மாதிரி ஆளுங்கதான் ஜெயிச்சாங்க. வீட்ல எல்லாரும் 'நீ'க்கு 'வோஸ்'னு சொல்ல, பாடப் புத்தகம் ரொம்ப நாளைக்கு ஸ்பெயின் மாதிரி 'தூ'ன்னே சொல்லிக் கொடுத்துச்சு. அர்ஜென்டின இலக்கியக் கழகம் 'வோஸ்' படிச்சவங்க பேச்சுக்கும் உரியதுதான்னு ஒத்துக்கிட்டது 1982ல. அதுவரைக்கும் நாட்டுல கிட்டத்தட்ட எல்லாருமே தப்பாத்தான் பேசிக்கிட்டு இருந்திருக்காங்க, ஏட்டளவுல.

கதித்தாவை வாயடைச்ச கதை

இந்த ஆராய்ச்சியில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் நினி மார்ஷல் (1903-1996). வானொலி, சினிமா நகைச்சுவை நடிகை. தன் பாத்திரங்களுக்குத் தானே வசனம் எழுதினவங்க. நம்ம மனோரமா ஆச்சி எந்த ஊர்ப் பேச்சா இருந்தாலும் அச்சு அசலா பேசிக் காட்டுவாங்களே, அந்தக் காது.

அவங்க பாத்திரங்களே ஒரு சமூகவியல் பாடம். கான்திதாங்கறது கலீசியாவுலேர்ந்து வந்த வீட்டு வேலைக்காரி. கதித்தா இத்தாலியக் குடியேறிகளோட மக, பேட்டைப் பொண்ணு, வாயாடி. வானொலி நிலைய வாசல்ல பாடகர் தோரியைப் பார்க்கக் கூட்டம் கூட்டமா நின்ன ரசிகைகள் பேச்சைக் கேட்டுத்தான் அவளை உருவாக்கினாங்களாம். 1938ல கதித்தா சினிமாவுக்கும் வந்தாச்சு. இன்னொரு பக்கம் மோனிகா. முழுப் பேரைச் சொன்னா மூச்சு வாங்கும், மேட்டுக்குடி அம்மணி. பணக்காரங்க பேச்சுக்கு அந்த ஊர்ல 'வாயில உருளைக்கிழங்கை வச்சுக்கிட்டுப் பேசறது'ன்னு ஒரு சொலவடை உண்டு. மோனிகா அந்த ரகம்.

1943ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது. மொழியைச் சுத்தப்படுத்தறோம்னு கிளம்பினாங்க. வானொலியில லுன்ஃபார்தோ கூடாது. டாங்கோ பாட்டுகள்ல வரிகளை மாத்தணும். 1949ல பாடலாசிரியர்கள் பெரோனை நேர்ல பார்த்து முறையிட்டதுக்கு அப்புறம்தான் இந்தக் கெடுபிடி தளர்ந்துச்சு. அந்த 1943லயே நினி மார்ஷலோட வானொலி நிகழ்ச்சிக்கும் தடை. சொன்ன காரணம், மொழியைச் சிதைக்கறாங்க, நல்லது கெட்டது பிரிச்சுப் பார்க்கத் தெரியாத ஜனங்க அதைக் கேட்டுக் கெட்டுப் போவாங்க.

நல்லா யோசிச்சுப் பாருங்க. கதித்தா மாதிரிப் பேசினது கதித்தா மாதிரி பொண்ணுங்கதான். வானொலி அவங்களைப் பார்த்துக் கத்துக்கிச்சு, அவங்க வானொலியைப் பார்த்துக் கத்துக்கலை. ஆனா சட்டம் போட்டவங்க கணக்குல, அந்தப் பொண்ணுங்க பேச்சு ஒரு தொத்து வியாதி.

காதுக்குப் பதில் கணக்கு

இதுவரைக்கும் எல்லாரும் காதால கேட்டு, கோபத்தோட எழுதினாங்க. எண்ணிப் பார்த்தது யார்?

மொழியியல்ல இந்த வேலையைப் பிரபலமாக்கினவர் அமெரிக்கர் வில்லியம் லபோவ். 1962ல நியூயார்க்ல பணக்காரங்க கடை ஒண்ணு, நடுத்தரக் கடை ஒண்ணு, மலிவுக் கடை ஒண்ணுன்னு மூணு இடத்துக்குப் போய், விற்பனையாளர்கள்கிட்ட 'அந்தச் சாமான் எங்க கிடைக்கும்?'னு கேட்டார். பதில் 'நாலாவது மாடி'ன்னு வர்ற மாதிரி சாமானைத் தேர்ந்தெடுத்துக் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்'ல எத்தனை 'ர்' வருதுன்னு எண்ணினார். கடையோட தரம் ஏற ஏற 'ர்'ரும் ஏறிச்சு. எளிமையான சோதனை, எவ்வளவு பெரிய முடிவு!

அவர் பரப்பின இன்னொரு யோசனை, வயசைக் கால இயந்திரமாப் பயன்படுத்தறது. ஒரு ஆளோட உச்சரிப்பு பெரும்பாலும் இளவயசுலயே கெட்டிப்பட்டுடும். அதனால எழுபது வயசுக்காரர் பேச்சைக் கேட்டா ஐம்பது வருஷம் முந்தின மொழியை ஓரளவு கேட்கலாம். மரத்தை வெட்டி வளையம் எண்ற மாதிரி. ஆனா ஒரு எச்சரிக்கை. சில வித்தியாசங்கள் எல்லா வயசுலயும் ஒரே மாதிரி வர்க்கத்தால மட்டும் பிரிஞ்சு நிக்கும், அது நிலையான வேலி. சில வித்தியாசங்கள் வயசோட சரிஞ்சுக்கிட்டே வரும், அது ஓடிக்கிட்டிருக்கற ஆறு. வேலியையும் ஆத்தையும் பிரிச்சுப் பார்க்கறதுதான் சூட்சுமம்.

இதை அர்ஜென்டினாவுல செஞ்சவங்கள்ல முக்கியமானவங்க மரியா பெயாத்ரிஸ் ஃபொந்தனெல்லா தெ வைன்பெர்க். புவெனஸ் ஐரிஸ் மாகாணத்துத் தெற்குல பஹியா பிளாங்காங்கற துறைமுக நகரம் அவங்க ஆய்வுக்கூடம். அவங்க எடுத்துக்கிட்டது ரெண்டு சத்தம்.

முதல் சத்தம், சொல் கடைசியில வர்ற 'ஸ்'. மெய்யெழுத்துக்கு முன்னாடி இந்த 'ஸ்' வெறும் 'ஹ்' மாதிரி மூச்சாகிடறது அந்த ஊர்ல படிச்சவங்க, படிக்காதவங்க எல்லாருக்கும் பொது. 'ஈக்கள்'ங்கற 'லாஸ் மோஸ்காஸ்', 'லாஹ் மோஹ்காஸ்' ஆகும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா கடைசி 'ஸ்'ஸை மொத்தமா விழுங்கி 'லா மோஹ்கா'ன்னு சொன்னா மாட்டினீங்க. இதுக்குப் பேர் 'எஸ்ஸைத் தின்னுடறது'. 1974ல வந்த அவங்க ஆய்வு சொன்னது: படிப்பு குறையக் குறைய 'ஸ்' விழுங்கறது அதிகம். அதே ஆள் பதவிசாப் பேசும்போது 'ஸ்' திரும்பி வருது. ஆண்களை விடப் பெண்கள் 'ஸ்'ஸைப் பத்திரமா வச்சுக்கறாங்க. இது வேலி.

இரண்டாவது சத்தம் நம்ம 'ஃஜ' - 'ஷ'. 1978, 79ல வந்த அவங்க ஆய்வுகள்ல இது நேர் எதிர். வயசானவங்க 'ஃஜ'. வயசு இறங்க இறங்க 'ஷ' ஏறுது. உச்சத்துல இருக்கறது இளம் பெண்கள். இது ஆறு.

புவெனஸ் ஐரிஸ்ல இது இன்னும் முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. 1949ல ஸமோரா விசெந்தேங்கற ஸ்பெயின் அறிஞர் அங்க இருந்தப்ப பெண்கள் வாயில இந்த அதிராத 'ஷ'வைக் குறிச்சு வச்சார். 1955ல கிதார்தேங்கற அர்ஜென்டினர் தனிக் கட்டுரையே எழுதினார். (அவர் முதல் பேர்லயே ஒரு இரட்டை எல் இருக்கு. 'கிஃஜெர்மோ'வா 'கிஷெர்மோ'வான்னு அவரைக் கூப்பிட்டவங்க வயசைப் பொறுத்தது!) 1979ல வுல்ஃப், ஹிமெனெஸ் ரெண்டு பேரும் தலைநகர்ல ஆய்வு பண்ணி இளைஞர்கள், அதுலயும் பெண்கள்தான் முன்னாடி போறாங்கன்னு காட்டினாங்க. 2008ல சார்லஸ் சாங் போய்ப் பார்த்தப்ப மாற்றம் முடியற கட்டத்துக்கு வந்திருச்சு, சின்னவங்க எல்லாரும் 'ஷ'. ஆண் பெண் வித்தியாசம்லாம் மங்கிப் போய், ஆள் பொறந்த வருஷம்தான் முக்கியமா நின்னுச்சு. மொண்டெவிடியோ அக்கரையிலேர்ந்து அதே வழியில பின்னாடியே வருது.

முடிஞ்சுதா இல்லையான்னு எப்படிச் சொல்றது? ரொஹேனா-மத்ராஸோங்கற ஆய்வாளர் 2015ல ஒரு நல்ல யோசனை சொன்னார். ஸ்பானிஷ் 'ஸ்' எப்பவுமே அதிராத சத்தம், ஆனாலும் ரெண்டு உயிருக்கு நடுவுல கொஞ்சம் தன்னால அதிரும். ஒருத்தர் 'ஷ'வும் அதே அளவுக்குத்தான் அதிருதுன்னா, அவருக்கு மாற்றம் முடிஞ்சுது. நடுத்தர வர்க்க இளைஞர்களுக்கு அது முடிஞ்சு போச்சுன்னு கண்டார். பழைய டெஸ்ட் கேஸை வச்சுப் புது பில்டைச் சோதிக்கற மாதிரி, எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஏன் 'ஷ' ஆகணும்?

இதுல ஒரு இயற்பியல் இருக்கு. தொண்டை அதிரணும்னா நுரையீரல் பக்கம் அழுத்தம் அதிகமாவும் வாய்க்குள்ள குறைவாவும் இருக்கணும், அப்பத்தான் காத்து குரல்வளை வழியா ஓடும். உரசல் சத்தம் வரணும்னா வாய்க்குள்ள அழுத்தம் ஏறணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. 'ஃஜ' ரெண்டையும் ஒரே நேரத்துல கேட்குது. கொஞ்சம் அசந்தா அதிர்வு நின்னுடும், மிஞ்சறது 'ஷ'. தவிர, அந்த மொழியில ஏற்கனவே தனி எழுத்தா 'ஷ' இல்லை. அதனால 'ஃஜ' 'ஷ' ஆனாலும் எந்த ரெண்டு சொல்லும் குழம்பாது. கதவு திறந்தேதான் இருந்துச்சு.

இன்னும் சுவாரஸ்யம், ஸ்பானிஷ்ல இதே நாடகம் ஏற்கனவே ஒரு தடவை நடந்திருக்கு! இடைக்கால ஸ்பானிஷ்ல 'ஃஜ'வும் 'ஷ'வும் தனித்தனி எழுத்துகளாவே இருந்துச்சு. 16-ம் நூற்றாண்டுல 'ஃஜ' அதிர்வை இழந்து 'ஷ'வோட கலந்துச்சு. வடக்குக் காஸ்தீல்ல முதல்ல வந்த பழக்கம், 1561ல தலைநகர் மாட்ரிட் ஆனதுக்கு அப்புறம் எங்கும் பரவிச்சு. அப்புறம் அந்த 'ஷ' தொண்டைக்குப் பின்வாங்கி இன்னிக்கு இருக்கற காறல் 'ஹ' ஆச்சு. செர்வாந்தேஸ் நாவல் எழுதின காலத்துல 'டான் கிஷோத்தே'ன்னு 'ஷ'வோட சொன்னவங்க இருந்தாங்க. பிரெஞ்சுக்காரங்களும் இத்தாலியர்களும் இன்னிக்கு வரைக்கும் 'ஷ'வோடதான் சொல்றாங்க. ஸ்பெயின்ல 'கிஹோத்தே' ஆயிடுச்சு. அங்க நானூறு வருஷம் முன்னாடி போன 'ஷ', வேற சொற்கள்ல, வேற கண்டத்துல, வேற பெண்கள் வாய் வழியா திரும்பி வந்திருக்கு.

ஒண்ணுக்கு மன்னிப்பு, இன்னொண்ணுக்குத் தண்டனை

இப்ப இந்த ரெண்டு சத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வைங்க.

'ஸ்'ஸை விழுங்கறது: எளிமைப்படுத்தல். ஒரு சத்தம் போச்சு. 'ஃஜ' 'ஷ' ஆனது: அதுவும் எளிமைப்படுத்தல். ஒரு அதிர்வு போச்சு. ரெண்டுலயும் வாய்க்கு வேலை மிச்சம். ரெண்டுமே மாட்ரிட் அறிஞர் காதுக்குப் பிழை. ஆனா முதலாவதைச் செஞ்சவன் 'படிக்காதவன்', சேரிக்காரன். 1930, 40கள்ல உள்நாட்டு மாகாணங்கள்லேர்ந்து ஆலை வேலைக்கு வந்தவங்களைத் தலைநகர்க்காரங்க 'கருந்தலையன்'ங்கற அர்த்தத்துல இழிவாக் கூப்பிட்டாங்க, அந்தப் பட்டியல்ல சேர்ந்தவன். இரண்டாவதைச் செஞ்சவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. ஒரு தலைமுறை முகம் சுளிச்சுது, அடுத்த தலைமுறைக்கு அதுவே இயல்பு.

ஏன்? இரண்டாவதைக் கையில எடுத்து முன்னாடி நடந்தது சேரி இல்லை. நகரத்துல, பள்ளிக்கூடம் போன, நல்லா உடுத்தின இளம் பெண்கள். அவங்க பேச்சைத் தரக்குறைவுன்னு சொல்ல யாருக்கும் மனசு வரலை. அதுவும் இல்லாம, கண்டிக்கணும்னா முதல்ல கவனிக்கணுமே. இலக்கணப் புத்தகத்துல 'எஸ்ஸைத் தின்னாதே'ன்னு விதி இருக்கு. 'தொண்டையை அதிர வை'ன்னு எந்த விதியும் இல்லை.

பெண்கள் பங்கு இதுல ஒரு புதிர் மாதிரி தெரியும். 'ஸ்'ஸை ஒழுங்காக் காப்பாத்தறதும் அவங்க, 'ஃஜ'வை உடைக்கறதும் அவங்க. லபோவ் பிற்பாடு உலகத்துல பல ஊர் ஆய்வுகளைச் சேர்த்து இதையே சொன்னார்: வெளிப்படையா விதி இருந்தா பெண்கள் ஆண்களை விட அதைக் கடைப்பிடிக்கறாங்க, விதி இல்லாத இடத்துல ஆண்களுக்கு முன்னாடி மாற்றத்தைக் கொண்டு வர்றாங்க. எனக்கு இதுல பெரிய புதிர் இல்லை. எந்தத் தப்புக்கு அடி விழும்னு தெரிஞ்சு வச்சிருக்கறவங்க, அடி விழாத இடத்துல சுதந்திரமா இருக்காங்க. கதித்தா மாதிரிப் பொண்ணுங்களுக்கு அது நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

இந்தக் கதையில இன்னொரு ஆளும் உண்டு. வடகிழக்குல பராகுவேயை ஒட்டின கொர்ரியென்தெஸ் மாகாணத்துல பழைய இரட்டை எல்லை இன்னும் தனியாக் காப்பாத்தி வச்சிருக்காங்க. பள்ளிக்கூடம் ஒரு காலத்துல 'சரியானது'ன்னு சொல்லித் தர முயற்சி பண்ணின அதே உச்சரிப்பு. நியாயமாப் பார்த்தா கொர்ரியென்தெஸ்காரனுக்குத் தலைநகர்ல மாலை போட்டிருக்கணும். ஆனா அவன் அங்க வந்து இறங்கினா 'நாட்டுப்புறத்தான்'தான். புத்தகப்படி சரியாப் பேசறவனைத் தப்பாப் பேசறவன் கிண்டல் பண்றான், ஏன்னா தப்பாப் பேசறவன் தலைநகர்க்காரன்.

ஆக, சத்தத்துல எந்தத் தப்பும் இல்லை. யார் வாயிலேர்ந்து வருதுங்கறதுதான் கணக்கு. காஸ்த்ரோ 'கீழ்த்தட்டு மொழியைக் கெடுக்குது'ன்னு எழுதிக்கிட்டிருந்த அதே காலகட்டத்துல, அவர் தேடின இடத்துக்கு நேர் எதிர் வீட்ல, நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க சத்தமில்லாம ஒரு சத்தத்தை மாத்திக்கிட்டு இருந்தாங்க. காவல் எல்லாம் கீழ்வாசல்ல. மாற்றம் மாடிப்படி வழியா வந்துச்சு.

'ஃஜ' இன்னும் கொஞ்ச காலம் தாத்தா பாட்டிங்க வாயில, பழைய டாங்கோ ஒலித்தட்டுகள்ல, 1930, 40களோட கறுப்பு வெள்ளைப் படங்கள்ல இருக்கும். அதுக்காக யாரும் கூட்டம் போட்டு அழப் போறதில்லை. 'ஸ்'ஸை விழுங்கறவன் மட்டும் வேலைக்கான நேர்காணல்ல இன்னும் ஜாக்கிரதையாத்தான் பேசணும்.

ஸ்பானிஷ் படிக்கற மக்கள், தென்னமெரிக்காவுல வேலை பார்த்த மக்கள் யாராவது இருந்தா நீங்க கேட்ட சத்தங்களைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. கூடவே பேசினவர் வயசு என்ன இருக்கும்னும் எழுதுங்க. வளையம் எண்ணிப் பார்த்துடலாம் :-)